தேனியிலிருந்து ஒரு டிடிபி கடைக்காரர்: 23 ஆண்டு விண்டோஸை விட்டு லினக்ஸுக்கு மாறலாமா?

தேனிக்கடை | 3 நவம்பர் 2025, இரவு 10.40

அனைவருக்கும் வணக்கம். பல மாதங்களாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

தேனியில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். 2002இல் விண்டோஸ் 98 போட்ட ஒரு பழைய பெட்டியோடு தொடங்கியது. பிறகு எக்ஸ்பி, ஏழு, பத்து. கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், பில் புத்தகம், நள்ளிரவில் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்கும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி, எல்லாம் உண்டு. கடையில் இரண்டு கணினிகள். பெரியது மூன்றாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி நினைவகம். போன வருடம்தான் எஸ்எஸ்டி மாற்றினேன். சின்னது அதைவிடக் கிழம், இன்னும் விண்டோஸ் 7இல் ஓடுகிறது.

போன மாதம் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்துவிட்டது. பதினொன்று இந்தப் பெட்டியில் ஏறாது என்று திரையே சொல்லிவிட்டது. புதுக் கணினி வாங்கும் யோசனை இப்போது இல்லை. இந்த வருடம் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம். அவள்தான் "லினக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள் அப்பா, பணம் கேட்காது" என்றாள். பணம் கேட்காத ஒன்று வேறு எதையாவது கேட்கும் என்பது என் அனுபவம். அதனால்தான் உங்களிடம் வந்திருக்கிறேன்.

நான் தட்டச்சுப்பொறியில் பழகியவன். தமிழ்த் தட்டச்சு இளநிலை, முதுநிலை இரண்டும் முடித்தது 1994இல். அந்த விசைப்பலகையைத் தவிர வேறு எதுவும் என் விரலுக்குத் தெரியாது. அடுத்தது, பக்கம் கோக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளில் செய்த 23 வருடத்துக் கோப்புகள். "அண்ணன் கல்யாணத்துக்கு அடித்த மாதிரியே வேண்டும்" என்று வருகிறவர்கள்தான் என் பாதி வியாபாரம். அவற்றைத் திறக்க முடியாவிட்டால் கடையை மூட வேண்டியதுதான்.

---

பெட்டிமருத்துவர் | 3 நவம்பர், இரவு 11.25

வணக்கம் ஐயா. கோவையில் கணினி பழுதுபார்க்கும் வேலை எனக்கு. போன ஒரு மாதமாக இதே கேள்வியோடு நாளைக்கு நாலு பேர் வருகிறார்கள்.

பதினொன்றுக்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ இருக்க வேண்டும். உங்களுடையது மூன்று. சுற்றுவழியில் ஏற்றித் தருகிறேன் என்று யாராவது சொல்வார்கள். ஏற்றலாம்தான், ஆனால் அடுத்த புதுப்பிப்பு வருமா என்று ஒவ்வொரு முறையும் வயிற்றில் புளி கரைக்கும். பிழைப்புக்கான கணினியில் அந்த விளையாட்டு வேண்டாம். விண்டோஸ் 10க்கே தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு நீட்டிப்பு இருக்கிறது. அதில் பதிந்துகொண்டால் உங்களுக்கு ஓராண்டு அவகாசம். அவசரம் வேண்டாம்.

லினக்ஸில் பல வகை உண்டு; அதில் லினக்ஸ் மின்ட் 22ஐ ஒரு பென்டிரைவில் போட்டு அதிலிருந்தே இயக்கிப் பாருங்கள். வன்தட்டைத் தொடாமலே ஒரு வாரம் ஓட்டலாம். அதற்கு முன் விண்டோஸில் 'விரைவுத் தொடக்கம்' என்று ஒன்று இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். அது இருக்கும்வரை விண்டோஸ் முழுதாக உறங்காமல் அரைக்கண்ணோடு கிடக்கும்; லினக்ஸிலிருந்து அந்தத் தட்டைப் படிக்கலாம், எழுத முடியாது.

எல்லாவற்றுக்கும் முன்னால், ஒரு வெளித்தட்டில் முழு நகல். இதைச் செய்யாமல் வருகிறவர்களுக்கு நான் பெட்டியைத் திறப்பதே இல்லை.

---

திரும்பிவந்தவன் | 4 நவம்பர், காலை 7.10

பெயரைப் பார்த்தாலே என் கட்சி தெரிந்துவிடும். 2019இல் நானும் போனேன். எட்டு மாதம் இருந்தேன், திரும்பி வந்துவிட்டேன். லினக்ஸ் மோசமானது என்று சொல்லமாட்டேன். என் வேலை அங்கே இல்லை, அவ்வளவுதான். கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் இருக்கிறேன். டேலி என்ற கணக்கு மென்பொருள் விண்டோஸுக்கானது. வாடிக்கையாளர்கள் அனுப்பும் எக்செல் கோப்புகளில் மேக்ரோ இருக்கும், லினக்ஸில் எக்செலுக்குப் பதிலாக இருக்கும் லிப்ரே ஆபிஸில் பாதி ஓடும், பாதி முறைக்கும். ஒவ்வொரு நாளும் முதல் ஒரு மணி நேரம் கணினியைச் சமாதானப்படுத்துவதிலேயே போனது.

ஊர் பெரியவர்களே திரும்பியிருக்கிறார்கள். ஜெர்மனியின் முனிக் நகராட்சி 2003இல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்தது. ஏறத்தாழ 15,000 கணினிகள். பதினான்கு வருடம் கழித்து, 2017இல், மறுபடியும் விண்டோஸுக்கே போவதென்று மன்றத்தில் வாக்களித்தார்கள். பணமும் ஆளும் உள்ள நகராட்சிக்கே அந்தக் கதி. தேனியில் தனியாகக் கடை நடத்துகிறவருக்கு "போடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்வது பாவம்.

---

கணக்குவாத்தியார் | 4 நவம்பர், மாலை 5.30

முனிக்கைச் சொன்னால் பாதிக் கதையோடு நிறுத்தக் கூடாது. அங்கே நடந்தது தொழில்நுட்பச் சண்டை மட்டுமல்ல, மேயர் மாறியதும் காற்று மாறியது. அதே ஜெர்மனியில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசு, 30,000 கணினிகளை விண்டோஸிலிருந்து மாற்றப்போவதாக 2024இல் அறிவித்தது. அவ்வளவு தூரம் எதற்கு? மலையைத் தாண்டினால் கேரளம். தேனிக்காரருக்குக் கூப்பிடு தூரம். அங்கே அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் படிப்பதே உபுண்டு என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளத்தில்தான்.

ஆனால் என் கண்ணால் பார்த்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் பிரசாரம் செய்வதாக நினைப்பீர்கள். 2011இல் தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் சென்னையில் செய்த சரக்கு, டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டது. எங்கள் பள்ளியில் வழங்கிய பத்து நாளுக்குள் அதை அழித்து, அந்த இடத்தில் படமும் பாட்டும் ஏற்றிவிட்டார்கள். பையன்களைத் திட்டி என்ன செய்ய? அதை எப்படித் திறப்பது என்று அவர்களுக்குக் காட்ட எங்களில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. வெட்கத்தில்தான் அந்த வருடக் கோடை விடுமுறையில் நானே கற்றுக்கொண்டேன்.

---

திரும்பிவந்தவன் | 4 நவம்பர், மாலை 6.05

வாத்தியார் ஐயா என் வாதத்துக்கே சாட்சி சொல்லிவிட்டுப் போகிறார். நன்றி.

---

புள்ளிமெய் | 4 நவம்பர், இரவு 9.15

அண்ணா, இருவரும் ஊரூராகச் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் சிக்கல் முனிக்கிலும் இல்லை, கேரளத்திலும் இல்லை. உங்கள் பேஜ்மேக்கர் கோப்புக்குள் இருக்கிறது. எனக்கு மென்பொருள் வேலை. ஆனால் என் அப்பா சிவகாசியில் அச்சுக்கோத்தவர், அதனால் இதில் கொஞ்சம் ஆர்வம் உண்டு.

அந்தக் கோப்பில் இருப்பது தமிழே அல்ல. ஆங்கில எழுத்துகள். பழைய எழுத்துருக்களில், ஆங்கில எழுத்து உட்கார வேண்டிய கட்டத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்தார்கள். 256 கட்டங்களுக்குள் தமிழை எப்படி அடைப்பது என்று ஆளுக்கொரு வழி கண்டுபிடித்தார்கள். டிஸ்கி ஒருவிதம், 1999 சென்னை மாநாட்டில் வந்த டாம், டாப் ஒருவிதம், அரசு அலுவலகங்களின் வானவில் ஒருவிதம், பாமினி இன்னொருவிதம். எழுத்துரு இருந்தால் தமிழாகத் தெரியும்; அதை எடுத்துவிட்டால் கிறுக்கல். உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான குறியாக்கமான யூனிகோட், தமிழுக்கென்றே தனி இடம் கொடுத்தது. பேஜ்மேக்கருக்கு அது தெரியாது. கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல், அதன்பின் அந்த மென்பொருளே வளரவில்லை.

விண்டோஸிலேயே இருந்து, பேஜ்மேக்கருக்கு அடுத்து வந்த இன்டிசைனுக்குப் போனாலும் இதே சுவரில்தான் முட்டுவீர்கள். ஆக, நீங்கள் இரண்டு வீடு மாறவேண்டியிருக்கிறது: விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு, பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு. முதலாவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். இரண்டாவதை நீங்கள் இருபது வருடமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டு வருகிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், அப்பாவும் அப்படித்தான்.

தட்டச்சுக்குக் கவலை வேண்டாம். லினக்ஸில் ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியோடு எம்17என் தொகுப்பை நிறுவினால், தமிழ்99, ஒலிபெயர்ப்பு, தட்டச்சுப்பொறி விசைப்பலகை முறைகள் எல்லாமே பட்டியலில் வரும். பக்க வடிவமைப்புக்கு ஸ்கிரைபஸ். 2024 ஜனவரியில் வந்த 1.6 பதிப்பிலிருந்து தமிழ் எழுத்துகளை ஒழுங்காகச் சேர்க்கிறது. அதற்கு முந்தைய 1.4இல் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் போகும். யாராவது பழைய அனுபவத்தை வைத்துக் குறை சொன்னால் எந்தப் பதிப்பு என்று கேளுங்கள். அச்சகத்துக்கு வேண்டிய நான்கு வண்ணப் பிடிஎஃப் அதிலிருந்தே கிடைக்கும்.

---

வடமராட்சியான் | 5 நவம்பர், அதிகாலை 5.50

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். தங்கை புள்ளிமெய் சொன்னதைக் கண்ணால் காண விரும்புகிறவர்கள் இதைச் செய்து பாருங்கள். பாமினியில் 'தமிழ்' என்று அடித்துவிட்டு எழுத்துருவை ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். ஜே, கே, பி, ஓ, பின்னால் ஓர் அரைப்புள்ளி. அவ்வளவுதான் நம் தமிழ்! எங்கள் பக்கம் முப்பது வருடத்து நினைவு மலர்கள், கோயில் மலர்கள், பாடசாலை ஆண்டு மலர்கள் எல்லாம் இந்த ஜேகேபிஓவாகத்தான் குறுந்தட்டுகளில் கிடக்கின்றன.

நான் 2016இலிருந்து டெபியன் பாவிக்கிறேன். எங்கள் பக்கத்து ரெங்கநாதன் விசைப்பலகையும் அதே எம்17என் தொகுப்பில் இருக்கிறது. அது இல்லையென்றால் நானும் மாறியிருக்கமாட்டேன். கை ஒப்புக்கொள்ளாவிட்டால் கணனி எவ்வளவு நல்லதாக இருந்து என்ன பயன்?

---

தேனிக்கடை | 9 நவம்பர், இரவு 11.50

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை கடையை அடைத்துவிட்டு உட்கார்ந்தேன். நடந்ததைச் சொல்கிறேன்.

வெளித்தட்டில் நகல் எடுத்தேன். பென்டிரைவிலிருந்து மின்ட் எழுந்தது. ஒலி, வைஃபை, திரை, எதற்கும் நான் கை வைக்கவில்லை. இவ்வளவு சுலபமாகவா என்று சந்தேகமாகவே இருந்தது. எம்17என் போட்டேன், தட்டச்சுப்பொறி முறையைத் தேர்ந்தெடுத்தேன். நான் முதலில் அடித்தது எங்கள் தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் ஆசிரியர் விரல் பழக்கக் கொடுத்த வரி. ஒரு பிழையில்லாமல் வந்தது. சில குறியீடுகள் மட்டும் இடம் மாறியிருக்கின்றன, பழகிக்கொள்வேன். சொன்னால் சிரிப்பீர்கள், மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அந்தத் தெம்பில், பெரிய கணினியில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே மின்டை நிறுவிவிட்டேன். மாலையில் பார்த்தால் விண்டோஸில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கிறது. கணினியின் தாய்ப்பலகையில் உள்ள பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்துப் புதிதாக ஒன்று வாங்கி மாற்றினேன். மறுபடியும் ஐந்தரை மணி நேரம். இது என்ன மாயம்?

கோப்புகளை நகலெடுக்கும்போது இன்னொன்று. சிலவற்றை மட்டும் "கோப்பின் பெயர் மிக நீளம்" என்று சொல்லி மறுக்கிறது. விண்டோஸில் இத்தனை நாள் நன்றாகத்தான் இருந்தன.

பிரிண்டர் இன்னும் வாயைத் திறக்கவில்லை. கடைக்குக் கடை இருக்கும் அந்தச் சின்ன லேசர் வகைதான்.

---

பெட்டிமருத்துவர் | 10 நவம்பர், காலை 8.20

பேட்டரிக்குப் பாவம் நாற்பது ரூபாய் போயிற்று. ஐந்தரை மணி என்றதுமே தெரிந்துவிட்டது. லினக்ஸ், பலகைக் கடிகாரத்தில் கிரீன்விச் நேரத்தை எழுதிவைக்கும். விண்டோஸ் அதையே இந்திய நேரம் என்று படிக்கும். லினக்ஸிடம் "உள்ளூர் நேரத்தையே எழுது" என்று சொல்ல ஒரு வரிக் கட்டளை இருக்கிறது, தனிமடலில் அனுப்பியிருக்கிறேன்.

பிரிண்டர் விஷயத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த வகைப் பழைய லேசர்கள் சொந்தப் புத்தி இல்லாதவை. பக்கத்தை வரைந்து தருவதே கணினியில் உள்ள இயக்கி மென்பொருள்தான். அந்த இயக்கி லினக்ஸில் வேலை செய்யவைக்க ஒரு நாள் மெனக்கெட வேண்டும், அடுத்த புதுப்பிப்பில் மறுபடி படுத்துவிடலாம். சின்னக் கணினியை விண்டோஸ் 7இலேயே விடுங்கள். இணையக் கம்பியைப் பிடுங்கிவிடுங்கள். பிரிண்டரை அதில் மாட்டுங்கள். பேஜ்மேக்கரும் அதிலேயே இருக்கட்டும். பிடிஎஃப் செய்து பென்டிரைவில் கொண்டுபோய் அச்சடிப்பது அழகான வழி அல்ல, ஆனால் நடக்கும்.

---

புள்ளிமெய் | 10 நவம்பர், மதியம் 1.05

நீளப் பெயர் விவகாரம் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. தட்டில் கோப்புகளை அடுக்கும் முறை ஒவ்வொன்றுக்கும் ஒரு வரம்பு உண்டு. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறை 255 குறிகள் வரை பெயர் வைக்க விடும். லினக்ஸின் எக்ஸ்ட்4 முறை கணக்குப் பார்ப்பது குறிகளை அல்ல, பைட்டுகளை, 255 பைட்டுகள். யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 வடிவில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று. அதிலும் 'கோ' என்பது நமக்கு ஓரெழுத்து, கணினிக்கு ககரமும் துணைக்குறியும் சேர்ந்து இரண்டு குறி, ஆறு பைட். ஆகத் தமிழில் 85 குறிகளுக்கு மேல் பெயர் வைக்க முடியாது. அண்ணா, கோப்புக்கு அப்படி என்னதான் பெயர் வைத்தீர்கள்?

---

தேனிக்கடை | 10 நவம்பர், இரவு 10.15

மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், இரண்டு பேர் ஊர், மண்டபம், தேதி, 'இறுதித் திருத்தம் மாமா சொன்னது'. சுருக்கிவிட்டேன். கடிகாரமும் சரியாகிவிட்டது. சின்னக் கணினியின் கம்பியைப் பிடுங்கிவிட்டேன்.

---

திரும்பிவந்தவன் | 11 நவம்பர், காலை 7.00

ஆக, இரண்டு கணினியில் ஒன்று விண்டோஸ் 7. பிரிண்டரும் பேஜ்மேக்கரும் அதில். இதற்குப் பெயர் லினக்ஸுக்கு மாறியதா?

---

கணக்குவாத்தியார் | 11 நவம்பர், காலை 7.40

புது வீட்டில் பால் காய்ச்சிய அன்றே பழைய வீட்டுச் சாவியைக் கொடுத்துவிடுகிறார்களா என்ன?

---

மட்டுறுத்துநர் | 11 நவம்பர், காலை 9.00

முனிக் பற்றி மேலும் பேச விரும்புகிறவர்கள் தனி இழை தொடங்கவும். இங்கே வந்த ஏழு பதிவுகளை அங்கே நகர்த்திவிட்டேன்.

---

தேனிக்கடை | 23 நவம்பர், இரவு 11.30

கார்த்திகை பிறந்துவிட்டது, மூச்சுவிட நேரமில்லை. இருந்தாலும் ஒன்றைக் கேட்டாக வேண்டும்.

பழைய எழுத்துருவை யூனிகோடாக்க ஓப்பன்-தமிழ் என்று ஒரு நிரல் இருப்பதாகப் புள்ளிமெய் அம்மா தனிமடலில் சொன்னார். அதைக் கொண்டு, பேஜ்மேக்கரிலிருந்து எடுத்த எழுத்தையெல்லாம் மகள் யூனிகோடாக்கிக் கொடுத்தாள். எந்த எழுத்துரு எந்தக் குறியாக்கம் என்று நான் சொல்ல, அவள் ஓடவிட்டாள். முதல் தடவையாக என் 23 வருட வேலைக்குள் தேட முடிகிறது. பழனிசெட்டிபட்டி என்று அடித்தால் அந்த ஊருக்கு அடித்த அத்தனை பத்திரிகையும் வரிசையாக நிற்கிறது. முன்பெல்லாம் என் நினைவுதான் பட்டியல்.

நேற்று ஒருவர் வந்தார். 2016இல் அவர் அண்ணன் கல்யாணத்துக்கு நான்தான் அடித்தேனாம். மேலே 'அருள்மிகு கௌமாரியம்மன் துணை' என்று இருக்கும், வேறெதுவும் நினைவில்லை என்றார். வீரபாண்டி கௌமாரியம்மன் இந்தப் பக்கத்தில் எத்தனையோ வீட்டுக்குக் குலதெய்வம். குறைந்தது நூறு பத்திரிகையாவது இருக்கும். தேடினால் ஆறுதான் வருகிறது. ஆறும் இந்த மாதம் அடித்தவை. மற்றதெல்லாம் எங்கே போயின?

---

புள்ளிமெய் | 24 நவம்பர், காலை 6.45

எங்கும் போகவில்லை அண்ணா, வேறு பெயரில் ஒளிந்திருக்கின்றன. தேடும் இடத்தில் கெகரம் தனி, ளகரம் தனியாக 'கெளமாரி' என்று அடித்துப் பாருங்கள்.

பழைய எழுத்துருக்கள் பலவற்றில் ஔகாரத்தின் பின்பாதிக்கென்று தனிக் கட்டம் கிடையாது. ஒற்றைக் கொம்பு, ககரம், ளகரம் என்று அடித்துவிடுவோம், கண்ணுக்குக் கௌ. மாற்றுகிற நிரலுக்கு ளகரம் ளகரம்தான். யூனிகோடில் கௌ வேறு, கெள வேறு. தாளில் இரட்டைப் பிள்ளைகள், கணினிக்கு முன்பின் தெரியாதவர்கள்.

எல்லாவற்றையும் ஒரே அடியாக மாற்றிவிடாதீர்கள். கெளுத்தி மீன் கௌவாக மாறிக் குளறும். தெளிவு, வெள்ளி எல்லாம் கெட்டுப்போகும். ளகரத்துக்குப் பின்னால் புள்ளியோ துணைக்குறியோ இல்லாத இடத்தில் மட்டும் மாற்றும்படி மகளிடம் சொல்லுங்கள். கௌமாரி, கௌரி, பௌர்ணமி, வௌவால் எல்லாம் சரியாகும். பேச்சுவழக்கில் எழுதியவை மட்டும் உதைக்கும்; 'வெளங்காதவன்' என்றெல்லாம் வந்தால் கண்ணால் பார்த்துத்தான் தீர்க்க வேண்டும்.

---

தேனிக்கடை | 24 நவம்பர், இரவு 10.50

நூற்றுப் பதினெட்டு வந்தது! அந்த 2016 பத்திரிகையும் கிடைத்தது. மகள் நீங்கள் சொன்ன விதியைப் போட்டு மாற்றினாள். நான் உட்கார்ந்து பார்த்தேன். மூன்று இடம் உதைத்தது, மூன்றும் பொங்கலுக்கு அடித்த நாடக நோட்டீஸ்.

---

திரும்பிவந்தவன் | 25 நவம்பர், காலை 7.15

இதை விண்டோஸிலேயே செய்திருக்கலாம் என்று பதிவு செய்துகொள்கிறேன். ஆனால் செய்திருக்கமாட்டீர்கள் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அந்த நிரலின் முகவரி எனக்கும் வேண்டும். எங்கள் அலுவலகத்தில் 2005க்கு முந்தைய கடிதங்கள் அத்தனையும் கிறுக்கலாகக் கிடக்கின்றன.

---

வடமராட்சியான் | 25 நவம்பர், மாலை 6.30

கடைக்கார அண்ணா, ஸ்கிரைபஸில் அந்தப் பத்திரிகை எப்படி வந்தது? வாடிக்கையாளர் என்ன சொன்னார்?

---

தேனிக்கடை | 26 நவம்பர், இரவு 11.10

நல்லவேளை கேட்டீர்கள். லிப்ரே ஆபிஸில் பழைய பேஜ்மேக்கர் கோப்பைத் திறந்து பார்த்தேன். படங்கள் வந்தன, அமைப்பு குலைந்துவிட்டது. ஸ்கிரைபஸில் புதிதாகவே கோத்தேன். இரண்டு மணி நேரம் ஆனது. பேஜ்மேக்கரில் இருபது நிமிட வேலை. அடுத்ததற்கு ஒரு மணி நேரம் ஆகும் என்று நினைக்கிறேன்.

இன்று மாலை புரூஃப் பார்க்க மாப்பிள்ளையின் பெரியப்பா வந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முதல் வரியிலேயே நின்றுவிட்டார். நான் போட்டிருந்த யூனிகோட் எழுத்துருவில் கௌவின் பின்பாதி ளகரத்தைவிடக் கொஞ்சம் சின்னதாக இருக்கும். அதுதான் சரியான வடிவம் என்று எவ்வளவோ சொன்னேன். "சாமி பேரில் எழுத்துச் சிறுக்கக் கூடாது, அண்ணன் பத்திரிகையில் இருந்த மாதிரி போடு" என்று எழுந்துவிட்டார்.

கொம்பு, ககரம், முழு ளகரம் என்று தனித்தனியாக அடித்துக் கொடுத்துவிட்டேன். கோப்பின் பெயரில் மட்டும் சரியான கௌ வைத்திருக்கிறேன், அடுத்த தம்பி கல்யாணத்துக்குத் தேட வேண்டுமே.

ளகரமும் ஔகாரக் குறியும் ஒரே அளவில் இருக்கும் யூனிகோட் எழுத்துரு யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும், இன்னும் நான்கு கௌமாரி கைவசம் இருக்கிறது.